மூன்று குழாய்களும் சூட்டில் இருந்தபோது

மூன்று குழாய்களையும் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. இனிமேல் காத்திருப்பதைத் தவிர இசக்கியம்மாளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லாததுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. கைக்கு வேலை இருக்கிற வரைக்கும் மனசு ஒரு மூலையில் படுத்து அசை போட்டுக்கொண்டு கிடக்கும். கை ஓய்ந்ததோ இல்லையோ, முளையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடும், எந்த வயலில் போய் மேயும் என்று சொல்ல முடியாது. பெட்டியின் நெற்றியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. உள்ளே மனுஷ உடம்பின் சூடு என்னவோ அதே சூடு. குழாய்களுக்குள் இருப்பதும் மனுஷச் சாறுதான். காலையில் அவளுடைய இடது கை மடிப்பில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, மேலே தெளிந்து நின்ற வைக்கோல் நிறத் தண்ணீரை மட்டும் இறுத்து எடுத்தது, சீரம் என்பார்கள். அந்தச் சீரத்தில் அவள் விட்டிருப்பது ஒரு ஈஸ்ட். ரொட்டியைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் குணம் வேறே. இது மனுஷர் வாயிலும் குடலிலும் பிறந்த நாள் தொட்டுக் குடியிருக்கிற ஜாதி. சும்மா இருக்கிற வரைக்கும் உருண்டை உருண்டையாக, ஜவ்வரிசி போல, பக்கத்தில் ஒரு மொட்டு விட்டு, அது உதிர்ந்து இன்னொரு உருண்டையாகி, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும். உடம்பு அசந்த நேரம் பார்த்து, ரத்தத்தின் வாசனை பட்டால் போதும், அதே உருண்டை ஒரு பக்கம் முனை நீட்டும், முனை நீண்டு நூலாகும், நூல் சதைக்குள் வேர் மாதிரி இறங்கும். உருண்டையாக இருக்கும்போது குடித்தனக்காரன், நூலாகிவிட்டால் வீட்டையே இடிக்கிறவன். எப்போது உருண்டை, எப்போது நூல் என்று அதற்குள் யார் சொல்கிறார்கள்? அதைத்தான் இசக்கி இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டுத் தலையில் நரை விழுந்ததுதான் மிச்சம் என்று விடுதிச் சமையற்காரம்மா கூடச் சொல்லிவிட்டாள்.

சொல்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்பது அவள் கட்சி. கட்டட வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி ஒருவன் நின்று சத்தம் கொடுப்பான் பாருங்கள், அவன் வாய் திறந்தால்தான் சாந்து குழைகிறவளும் கல் சுமக்கிறவனும் அசைவார்கள். அதுபோல மரபணுக்களிலும் மேஸ்திரிகள் உண்டு. ஒன்று வாய் திறந்தால் நூறு மரபணு வேலை தொடங்கும். அடக்கி உட்கார வைக்கிற மேஸ்திரியும் உண்டு, கிளப்பிவிடுகிற மேஸ்திரியும் உண்டு. இசக்கி கண்டுபிடித்தது கிளப்பிவிடுகிற ஒருவனை. அவனுக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை, நம்பர்தான். அந்த ஈஸ்ட்டுக்குள் எல்லாமே ஜோடி ஜோடி. ஆகையால் மேஸ்திரியும் இரண்டு பேர். இரண்டு பேரையும் ஒவ்வொருவராக வெட்டி எடுக்க அவளுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று இப்போது கணக்குப் பார்க்க வேண்டாம். வெட்டி எடுத்ததும் அது நூல் விடுவதை நிறுத்திவிட்டது. என்ன சூட்டில் வை, எந்தச் சீரத்தில் வை, உருண்டைதான். பக்கத்து மேசை ஹப்ஸா அதற்கு மொட்டை என்று பேர் வைத்தாள். வெட்டாதது அசல். மெழுகுப்பூச்சியின் புழுக்களுக்கு அசலை ஊசியில் ஏற்றினால் மறுநாளே கறுத்துப் போய்ச் சுருண்டு செத்தன. மொட்டையை ஏற்றிய புழுக்கள் சாகவில்லை, நிம்மதியாகக் கூடு கட்டின, அதில் ஒன்று பூச்சியாகவே ஆகி டியூப்லைட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது, இசக்கி அதை அடிக்க மனசில்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள். இதெல்லாம் சரி. ஆனால் உலகம் இதோடு நம்பாது. வெட்டினதைத் திரும்ப உள்ளே வைத்துப் பார், அப்போது நூல் வருகிறதா, வந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லும். வெட்டும்போது வேறு எதையாவது சேர்த்துக் காயப்படுத்தியிருந்தால்? நியாயமான கேள்விதான். ஆகவே ஒரே ஒரு மேஸ்திரியைத் திரும்ப உள்ளே அனுப்பி, மூன்றாவதாக ஒன்றைச் செய்தாள். அதற்கு ஹப்ஸா வைத்த பேர் திரும்பினவன். அசல், மொட்டை, திரும்பினவன்: மூன்றும்தான் இப்போது அந்தப் பெட்டிக்குள் சூட்டில் இருக்கின்றன. திரும்பினவன் நூல் விட்டால் இசக்கி பிழைத்தாள். விடாவிட்டால், மத்தியானம் நடக்கிற குழுக் கூட்டத்தில் சிகாமணி சார், "இந்த மரபணு அது இல்லை, வேலையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுவார். சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் பேரில் தப்பு இல்லை. அவர் அவளுக்கு வழிகாட்டி, ஓய்வு பெறப் போகிறவர், கூட்டத்துக்கு முன்னால் வந்து தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

சோறு வடித்து, குழம்பு வைத்து இறக்கி, குளித்துவிட்டு வருகிற நேரம் ஆகும் நூல் வர. அவள் யாருக்குச் சோறு வடிக்க? விடுதியில் தட்டை நீட்டினால் விழுகிறதைத் தின்றுவிட்டு வருவாள். எதிரே உட்கார்ந்து தின்கிற பிள்ளைகள் எல்லாம் அவளைவிடப் பதினைந்து வயசு சின்னது, "மேடம், இங்கே உக்காரலாமா?" என்று கேட்டு, உட்கார்ந்து, அப்புறம் ஃபோனைப் பார்த்துச் சிரிக்கும். அவளும் தன் ஃபோனைப் பார்ப்பாள். அதில் தூத்துக்குடி அண்ணன் எப்போதோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து இருக்கும். குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. உறுமல் நிற்கும்போதுதான் இத்தனை நேரம் உறுமியது தெரியும். திடீரென்று காது வெறிச்சென்று ஆகும், யாரோ பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்ட மாதிரி. சூட்டுப்பெட்டியின் ஓரமாகப் புளித்த கள் வாசனை. அந்த வாசனை அவளுக்குப் பழகி, இப்போது தலையணையிலும் அதுதான், முடியிலும் அதுதான். பேருந்தில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்தால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள். இடது கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். ரத்தம் எடுத்தவள் ஹப்ஸா. ஹப்ஸா ஊசி போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அது ஒரு வழக்கம்: அவரவர் சோதனைக்கு அவரவர் ரத்தம். வெளியூரிலிருந்து மாட்டுச் சீரம் வருவதற்குள் வேலை கெட்டுவிடுகிறது என்று சார் என்றைக்கோ ஆரம்பித்து வைத்தது, இப்போது மாட்டுச் சீரம் பெட்டியில் இருந்தாலும் யாரும் தொடுவதில்லை. இன்னொருத்தர் ரத்தத்தைக் கேட்பது ஒரு மாதிரி. தன் தோசைக்குத் தன் வீட்டு மாவு. "அக்கா ரத்தத்துல நூல் என்னமா வருது தெரியுமா, பந்தல் போடலாம்" என்று ஹப்ஸா ஒரு தடவை சொன்னாள். அன்றைக்கு முழுக்க இசக்கிக்கு அது யாரோ கழுத்தில் மாலை போட்ட மாதிரி இருந்தது. இதற்கெல்லாமா ஒருத்தி சந்தோஷப்படுவாள்? பட்டாள். தன்னிடமிருந்து ஒன்று நன்றாக வளர்கிறது என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அம்மா சொன்னது வேறே. "ஏட்டி, ஊரு ஒலகமெல்லாம் பூசணத்தைத் தொடச்சு எறியுது. நீ அதுக்குப் பாலூத்தி வளக்கியாக்கும்? ஊறுகாப் பானையிலே இல்லாத பூசணமா?" அம்மாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் வந்து, புண்ணுக்கு மருந்து, மருந்துக்கு மேல் மருந்து, கடைசியில் கழுத்தில் குழாய் போட்டு, தீவிர சிகிச்சைக் கண்ணாடி வார்டில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, அறிக்கை வந்தபோது இசக்கிதான் வாங்கினாள், அண்ணன் கீழே டீ குடிக்கப் போயிருந்தான். அதில் அந்த ஈஸ்ட்டின் பேர் இருந்தது. சாய்ந்த எழுத்தில், எப்போதும் எழுதுகிற மாதிரி. அவள் ஆயிரம் தடவை தன் கையால் எழுதிய பேர். அடையாளம் தெரியாத ஊரில் தெருவில் போகும்போது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி முதலில் மனசு குதித்தது, அதுதான் அவளால் இன்றைக்கும் தாங்க முடியாதது, ஒரு விநாடி குதித்தது, அட, இது நம்ம... அப்புறம்தான் எந்த ஊர், எந்தத் தெரு என்று உறைத்தது. சின்ன வயசு டாக்டர் வந்து, "ஏதோ ஃபங்கஸ்மா. எல்லாரு வயித்துலயும் இருக்கறதுதான், உடம்பு வீக்கானதும் ரத்தத்துல ஏறிடுது, மருந்து ஆரம்பிச்சிருக்கோம்" என்றார். அது எப்படி ஏறும், எந்த மேஸ்திரி வாயைத் திறப்பான், எவன் வாயை மூடிக்கொள்வான், குழாயின் உள்பக்கம் எப்படிப் படலம் கட்டும் என்று அந்த வார்டிலேயே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்து என்ன? "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் டீயோடு வந்து என்னவாம் என்று கேட்டான். "ஏதோ கிருமியாம்" என்றாள். இன்றைக்கு வரைக்கும் அண்ணனுக்குத் தெரியாது, தங்கச்சி எதைப் படிக்கிறாளோ அதுதான் அம்மாவைக் கொண்டுபோயிற்று என்று. சாருக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது. ஒரு விஷயம் தெரிந்த ஆள் உலகத்திலேயே நாம் ஒருத்தர்தான் என்றால் அது விஷயமாகவே இருக்காது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஆகிவிடும், நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கும்.

நாக்கு எங்கே போய் நிற்கும் என்றால், இங்கே: அவள்தான் கொண்டுபோனாளா? சனி ஞாயிறுகளில் ஊருக்குப் போனவள். கையில் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துத்தான் போவாள், உறை மாட்டித்தான் வேலை செய்வாள், அங்கியைக் கழற்றித் தொங்கவிட்டுத்தான் வெளியே வருவாள், எல்லாம் சரி. ஆனால் முடி? செருப்பு? அம்மா காலில் புண்ணுக்குத் துணி மாற்றியது யார்? இல்லை, அப்படியெல்லாம் போகாது, ஆராய்ச்சிக்கூடத்து ஜாதி வேறே, ஒரு பரிசோதனை பண்ணினால் தெரிந்துவிடும், அம்மாவின் ரத்தத்தில் வளர்ந்ததை அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியிருந்தால் ஒரு நாளில் ஒப்பிட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு, ஒத்துப்போயிருந்தால்? ஆகவே கேட்கவில்லை. அப்புறம் மனசு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வரும். அம்மாவுக்கு அவள் கொண்டுபோனதாவது, அம்மாதானே அவளுக்குக் கொடுத்தது! பிள்ளை பிறக்கிற வழியிலேயே, முதல் மூச்சு விடுமுன்னே, தாயிடமிருந்து வாய்க்குள் வந்து குடியேறுகிறது இது. பெரும்பாலும் அப்படித்தான். அப்படியானால் இசக்கியின் உடம்பில் இப்போது இருப்பது அம்மாவுடையது. அம்மாவின் புடவையை அண்ணி எடுத்துக்கொண்டாள், கம்மலை அண்ணன் எடுத்து வைத்திருக்கிறான், வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. உயிரோடு அவளுக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். அம்மாவின் அம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்திருக்கும். இவளிடமிருந்து போவதற்கு ஆள் இல்லை. இவளோடு நின்றுவிடும். கொண்டுபோனதா, கொண்டுவந்ததா? கொண்டுபோனதா... பெட்டியின் விளக்கு எரிந்தது, அணைந்தது.

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். கழுவ வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. உட்காரும்போது தொடையை இறுக்கிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள், பத்து நாளாக அப்படித்தான் உட்காருகிறாள், இப்போது எவ்வளவோ பரவாயில்லை. சொல்லக் கூச்சமான இடத்தில் அரிப்பு. நடக்க முடியாது, உட்கார முடியாது, சிறுநீர் போனால் எரிச்சல். என்னவென்று அவளுக்குத் தெரியாதா? ஊரில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் எப்போதாவது வருவதுதான். ஆனால் கல்யாணமாகாதவளுக்கு வந்தால் ஆயிரம் கண் முளைத்துவிடும். பல்கலைக்கழக மருந்தகத்தில் மருந்து கொடுக்கிறவள் எல்லாருக்கும் சொந்தக்காரி, யார் என்ன வாங்கினார்கள் என்று சாயங்காலத்துக்குள் பரவிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை பேருந்து ஏறி, பெரிய பேருந்து நிலையத்துக்கு எதிரே, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக் கடைக்குப் போனாள். மாத்திரையின் பேரைச் சொன்னதும் கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "வீட்டுக்காரருக்கும் சேத்துப் போடணும்மா, இல்லேன்னா திரும்பத் திரும்ப வரும். ரெண்டாத் தரட்டா?" என்றார். இல்லை, எனக்கு வீட்டுக்காரர் கிடையாது என்று அங்கே நின்று, பின்னால் இத்தனை பேர் நிற்கும்போது, எப்படிச் சொல்ல? "தாங்க" என்றாள். காகித உறையில் இரண்டு மாத்திரை. பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, சிரிக்கிறதா அழுகிறதா, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், வீட்டில் ஒருத்தர் இருக்கிற மாதிரியே இருந்தது. மாத்திரை வாங்கிட்டு வந்தியா என்று கேட்கிற மாதிரி. வாங்கிட்டேன், சாப்பிட்டுட்டுப் போடுங்க. அன்றைக்கு ஒன்றைப் போட்டாள். அரிப்பு முழுசாகப் போகவில்லை என்று நேற்று மத்தியானம் வீட்டுக்காரர் மாத்திரையையும் தானே போட்டுக்கொண்டாள். பெரிய மாத்திரை, தொண்டையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் மேல் தண்ணீர் குடித்து... நேற்று மத்தியானம்.

நேற்று மத்தியானம் போட்டது. இன்றைக்குக் காலையில் ரத்தம். இசக்கி ஸ்டூலில் இருந்தபடியே அசையாமல் இருந்தாள். குளிர்பெட்டி உறுமலை நிறுத்தியது. அந்த மாத்திரை எதைக் கொல்வதற்கு? இதை. இந்த மூன்று குழாய்க்குள் இருக்கிறதே, இதை. அது உடம்பில் எத்தனை நாள் நிற்கும் என்று அவளே வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறாள், லேசில் போகாது, ரத்தம் முழுக்கக் கரைந்து சுற்றிக்கொண்டே இருக்கும். எப்படி மறந்தாள்? மறக்கவில்லை, அதுதான். ஆராய்ச்சிக்கூடத்து இசக்கியும் விடுதி அறையின் இசக்கியும் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி படுகிற அரிப்பு இன்னொருத்தி குழாயில் வளர்ப்பதோடு சேர்ந்தது என்று இரண்டு பேருமே ஒத்துக்கொள்ளவில்லை. அங்கியை மாட்டினதும் உடம்பு போய்விடுகிறது, கண்ணும் கையும்தான் மிச்சம். ஹப்ஸா ஊசி போடும்போதுகூட, "அக்கா, மாத்திரை கீத்திரை ஏதும்?" என்று பழக்கத்தில் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று இவளும் பழக்கத்தில் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. சரி, இப்போது என்ன? இவ்வளவு கொஞ்ச நேரத்தில் அந்த மருந்து நூலை நிறுத்துமா? நிறுத்தலாம். நிறுத்தாமலும் போகலாம். எங்கேயோ படித்த ஞாபகம், முனை நீட்டுவதைத் தாமதிக்கும் என்று. அசல் தாங்கிக்கொள்ளும், அதற்கு மேஸ்திரி இரண்டு பேர். திரும்பினவனுக்கு ஒருத்தன்தான். ஆற்றில் வெள்ளம் வந்தால் இரண்டு கையும் உள்ளவன் எப்படியாவது நீந்தி ஏறுவான், ஒற்றைக் கைக்காரன்? அவனுக்கு நீச்சலே தெரியாது என்று கரையில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். வெள்ளத்தை விட்டது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நேரம் ஆயிற்று. குழாய்களை எடுத்து, ஒவ்வொரு சொட்டாகக் கண்ணாடித் துண்டில் விட்டு, மேலே மெல்லிய சில்லை மூடி, நுண்ணோக்கியில் வைத்தாள். கண் வைக்குமுன் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். மொட்டை: உருண்டை, உருண்டை, எல்லாம் உருண்டை. அசல்: நூல் இருந்தது. இருந்தது, ஆனால் பந்தல் போடுகிற நூல் இல்லை. குட்டை குட்டையாக, வெட்டி விட்ட வால் மாதிரி. திரும்பினவன்: ஒன்று, இரண்டு, அங்கே ஒன்று... முனை மட்டும் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு, அதற்கு மேல் வேண்டாம் என்று நின்றவை. மற்றதெல்லாம் உருண்டை. கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். பிள்ளையைத் திருவிழாவில் தொலைத்தவள் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் ஓடுகிற மாதிரி எந்த நிழலைப் பார்த்தாலும் நூலோ என்று நிறுத்தினாள். இல்லை. கண்ணை எடுத்தபோது கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் வட்டம் பதிந்து ஈரமாக இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். இது நினைப்பாகக்கூட வரவில்லை, ஒரு சாய்மானமாக வந்தது, களைத்தவளுக்குச் சுவர் கிடைத்த மாதிரி. சார் வருவார், பார்ப்பார், இல்லை என்பார், கூட்டத்தில் சொல்வார், வேலை நின்றுவிடும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். மேஸ்திரி நம்பராகவே செத்துப்போவான். அவள் ஊருக்குப் போகலாம். எந்த ஊருக்கு?

சிகாமணி சார் இருமிக்கொண்டே வந்தார். அவருக்கு இழுப்பு, மாடிப் படி ஏறினால் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். "என்னம்மா, நம்ம ஆளு திரும்பினானா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். வெகு நேரம் பார்த்தார். திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அசலுக்கு இருக்கு," என்றார். அப்புறம், "இவனுக்கு இல்லியே" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "விடும்மா. நாமளும் பாத்தாச்சு. இந்த மரபணு இல்லேன்னு தெரிஞ்சதும் ஒரு விஷயம்தானே" என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். ஹப்ஸா அவள் மேசையிலிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இசக்கிக்குத் தொண்டையில் அந்த மாத்திரை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. "சார், சீரம் என்னோடது" என்றாள். "தெரியும்மா, எப்பவும் உன்னோடதுதானே." "நான் மாத்திரை போட்டிருக்கேன் சார்." "என்ன மாத்திரை?" "ஃப்ளூகோனசோல். வெள்ளிக்கிழமை ஒண்ணு. நேத்து ஒண்ணு." சொல்லி முடித்ததும் அறை முழுக்க வெளிச்சம் ஏறின மாதிரி இருந்தது, அவள் அங்கியில்லாமல் நிற்கிற மாதிரி. சார், "உனக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததை அப்படியே விழுங்கினார். தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததை இசக்கி எதிர்பார்க்கவே இல்லை: வாயைத் திறந்து நாக்கை முழுசாக வெளியே நீட்டினார். அறுபது வயசு மனுஷர், டாக்டரிடம் காட்டுகிற சின்னப் பிள்ளை மாதிரி. நாக்கின் மேல் தயிர் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "பாத்தியா?" என்றார் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு. "இழுப்புக்குப் பஃப் இழுக்கிறேன்ல, இழுத்துட்டு வாய் கொப்புளிக்கச் சொன்னாரு டாக்டரு. யாரு கொப்புளிக்கறா? வாழ்நாள் பூரா இதைப் பத்திப் பாடம் எடுத்தேன், கடைசில என் நாக்குலயே ஏறி உக்காந்துக்கிச்சு. நானும் அதே மாத்திரைதான். வெளியில சொன்னா சிரிப்பாங்கன்னு என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொன்னேன். அவ சிரிச்சா." இசக்கிக்கும் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "அப்போ உங்க ரத்தமும் ஆகாது சார்." "ஆகவே ஆகாது. நம்ம ரெண்டு பேரையும் ஒதுக்கி வை."

சிரிப்பு அடங்கினதும் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டத்துல சீரம் சரியில்லை, திரும்ப வைக்கிறோம்னு சொல்லி நாள் கேக்கறேன். குடுப்பாங்களான்னு தெரியல, கேக்கறேன். என்ன சரியில்லைன்னு குடைஞ்சா..." இசக்கி குறுக்கிட்டாள். "உள்ளதைச் சொல்லுங்க சார். என்னோட சீரம், நான் மருந்து சாப்பிட்டிருந்தேன். அவ்வளவுதானே." அவளே அந்த "அவ்வளவுதானே"யைக் காதால் கேட்டாள். சார் தலையை ஆட்டிவிட்டு இருமிக்கொண்டே படியிறங்கினார். திரும்பினவன் நூல் விடுவானா மாட்டானா என்பது இன்னும் அப்படியேதான் இருந்தது. கேள்வி செத்துப்போகவில்லை, அதுவே இந்த மத்தியானத்துக்குப் போதும். அவள் ஹப்ஸாவின் மேசைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அந்த மேசைக்குப் போய் ஒன்றைக் கேட்டது இல்லை. வாய் திறக்குமுன் ஹப்ஸா முழுக்கையை மேலே சுருட்டிக்கொண்டிருந்தாள். "கேளுங்கக்கா, இப்பவாவது கேளுங்க. யா அல்லா, மூஞ்சியப் பாரு, கொலை பண்ணிட்டு வந்தவ மாதிரி! எனக்கு ரெண்டு பிள்ளையும் வயித்துல இருக்கையில இது வராத மாசமே இல்ல. எங்க மாமியாருக்கு வந்துச்சு. எங்க மாமியாரோட அக்காவுக்கு வந்துச்சு. இதுக்குப் போயி டவுனுக்குப் பஸ் ஏறிப் போனீங்களாக்கும்?" "உனக்கு யாரு சொன்னா பஸ் ஏறிப் போனேன்னு?" "நானும் அப்படித்தானே முதல்ல போனேன்." ஊசியை இசக்கிதான் பிடிக்க வேண்டியிருந்தது. தனக்குத்தானே ஹப்ஸா எப்படிப் போட்டுக்கொள்வாள்? இசக்கி இதுவரை யார் கையிலும் ஊசி போட்டதில்லை. இடது கையால் ஹப்ஸாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, வலது கையால் குத்தி, நரம்பு தப்பி, மறுபடி குத்தினாள். "ஐயோ, கொசுகூட உங்களவிட நல்லாக் குத்தும்க்கா." "சும்மா இரு, ஆட்டாதே." ரத்தம் குழாய்க்குள் இறங்கியது. இசக்கி பஞ்சை வைத்து அமுக்கினாள், ஹப்ஸா கையை மடக்கிக்கொண்டாள். குழாயைச் சரித்துவிடாமல் உள்ளங்கையில் பிடித்தபோது அது சுட்டது. சூடாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அவளுக்குச் சுட்டது. இன்னொருத்தருடைய உடம்புச் சூடு கையில் பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. உறைகிற வரைக்கும் ஆட்டக் கூடாது. அதைத் தாங்கியில் வைத்துவிடலாம், அப்படித்தான் எப்போதும் செய்வது. அவள் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஹப்ஸா தன் வேலைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். மடக்கிய கையோடு இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, இசக்கியின் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தன் சின்ன மகன் பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவைத்த கதையைச் சொல்லத் தொடங்கினாள்.